‘மாமா’ முதல் ‘நண்பர்களே’ வரை: லயன் – முத்து காமிக்ஸ் இதழ்களின் நீடித்த ஈர்ப்பும் வாசகத் தலைமுறையும்

ஆய்வுச்சுருக்கம்

சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவரும் முத்து காமிக்ஸ், 1984 முதல் வெளிவரும் லயன் காமிக்ஸ் ஆகிய இரண்டும் தமிழில் நெடுங்காலம் நிலைத்துள்ள சித்திரக்கதை இதழ்கள். இவ்விதழ்களின் நீடித்த ஈர்ப்பைத் ‘தலைமுறைகளைக் கடந்தது’ என்று போற்றுவது வழக்கம். அந்தக் கூற்றை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. பெயரிடுதல், வாசகரை விளிக்கும் முறை, கதைத் தேர்வு ஆகிய மூன்று கூறுகளைக் கொண்டு நோக்கும்போது, இவ்விதழ்கள் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறியதைவிட, ஒரே தலைமுறையுடன் சேர்ந்து மூத்ததே மிகுதி என்று தெரிகிறது. அவற்றின் நீடிப்புக்குக் காரணமான பண்பே புதிய சிறுவர் நுழைவதற்குத் தடையாகவும் ஆகியுள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, சிறுவர் இதழ், மொழிபெயர்ப்பு, விளிமுறை, நினைவேக்கம், வாசகத் தலைமுறை.

முன்னுரை

தமிழ்ச் சிறுவர் இலக்கிய ஆய்வுகள் பாடல், கதை, நாடகம், அறிவியல் கட்டுரை ஆகியவற்றுக்குத் தந்த இடத்தைச் சித்திரக்கதைக்குத் தந்ததில்லை. இதற்கு இரு காரணங்களைச் சுட்டலாம். ஒன்று, தமிழில் வெளியான சித்திரக்கதைகளுள் பெரும்பகுதி பிறமொழிப் படைப்புகளின் மொழிபெயர்ப்பு. ஆகவே அவை தமிழிலக்கியப் பரப்பினுள் வாரா என்னும் எண்ணம். மற்றொன்று, அவை பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசிக்கப்பட்டவை. கற்பிக்கும் நோக்கத்தோடு எழுதப்படாதவை. கல்விப்புலம் மதிக்காத இப்பரப்பில், வாசகர்களே வரலாற்றாசிரியர்களாகவும் ஆவணக் காப்பாளர்களாகவும் இருந்து வருகின்றனர். எந்தக் கதை எந்த ஆண்டில் வந்தது, எந்த இதழில் எத்தனை பக்கம் குறைக்கப்பட்டது என்பன போன்ற செய்திகள் பெருமளவுக்குத் தனிச் சேகரிப்பாளர்களின் அலமாரிகளிலும் நினைவுகளிலுமே உள்ளன.

அவ்வாசகர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கூற்று ஒன்று உண்டு: ‘தந்தை வாசித்ததை மகன் வாசிக்கிறான், மகன் வாசித்ததைப் பேரன் வாசிப்பான்’ என்பதே அது. இக்கூற்றில் பெருமிதம் உண்டு, அன்பும் உண்டு. எனினும் அதில் இரு வேறு பொருள்கள் கலந்து நிற்கின்றன. ஓர் இதழைப் பல தலைமுறையினர் அவரவர் குழந்தைப் பருவத்தில் வாசித்தல் ஒன்று. ஒரு தலைமுறை தன் குழந்தைப் பருவம் முதல் நடுவயது வரை அதை விடாது வாசித்தல் வேறொன்று. முன்னதில் வாசகர் மாறிக்கொண்டே இருக்க, இதழ் நிலைத்து நிற்கிறது. பின்னதில் வாசகர் நிலைத்து நிற்க, இதழ் மாறிக்கொண்டே வருகிறது. லயன், முத்து இதழ்களின் ஈர்ப்பு இவ்விரண்டில் எவ்வகையைச் சார்ந்தது என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

1. இதழ்களின் பின்னணி

முத்து காமிக்ஸ் 1972இல் மு. சௌந்திரபாண்டியனால் சிவகாசியில் தொடங்கப்பெற்றது. அதன் தொடக்கக்காலப் பதிப்பாசிரியப் பணியில் சிறுவர் எழுத்தாளர் முல்லை தங்கராசன் முதன்மைப் பங்காற்றினார். முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது. 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பதின்ம வயதைத் தாண்டாத நிலையில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும், வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்ட பூந்தளிரும் களத்தில் இருந்தன என்பது அப்பத்தாண்டின் வளத்தைக் காட்டும். நாட்காட்டி, வாழ்த்து அட்டை, தீப்பெட்டி ஒட்டுத்தாள் என அச்சுத்தொழில் செழித்திருந்த ஊரிலிருந்து இவ்விரு இதழ்களும் எழுந்தமை தற்செயலன்று. படத்தை மலிவாகவும் மிகுதியாகவும் அச்சிடும் திறன் அங்கு முன்பே இருந்தது.

இவ்விதழ்களின் தொடக்கக்காலக் கதைகள் பிரிட்டிஷ் வார இதழ்களிலிருந்து பெறப்பட்டவை. இரும்புக்கை மாயாவியின் மூலக்கதை 1962இல் ‘வேலியண்ட்’ இதழில் தொடங்கியது. அதற்கு ஓவியம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ஜெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழிலிருந்து வந்தவர்கள். அந்த லயன் 1974இல் வேலியண்ட்டுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. வேலியண்ட்டும் 1976இல் மற்றோர் இதழுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. சிவகாசியில் லயன் பிறந்தபோது, அதன் நாயகர்களைப் பெற்ற இதழ்கள் பிரிட்டனில் இல்லாமற்போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. தாயகத்தில் வார இதழின் கழிவுத்தாளாகக் கருதப்பட்ட கதைகள், அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகள் தமிழில் வாழ்ந்தன. இவற்றின் நெடுவாழ்வுக்கு மூலக்கதைகளின் சிறப்பு மட்டுமே காரணமாயிருந்தால், அவை தாய்மொழியிலும் அவ்வாறே வாழ்ந்திருக்க வேண்டும். எனவே காரணத்தைத் தமிழ்ச்சூழலுக்குள்ளேயே தேட வேண்டியுள்ளது.

2. பெயரும் மரபும்

ஆங்கில மூலத்தின் தலைப்பு எஃகு நகத்தை மட்டுமே சுட்டுவது. நாயகனின் பெயர் லூயிஸ் கிராண்டல். விபத்தில் வலக்கையை இழந்து, இரும்பாலான செயற்கைக் கையைப் பொருத்திக்கொண்ட ஓர் ஆய்வகப் பணியாளன் அவன். பெரும் மின்னதிர்ச்சி பாயும்போது அவன் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். மூலத்தின் தலைப்பு கருவியின் மேல் நிற்கிறது. தமிழ்த் தலைப்போ ‘மாயாவி’ என்னும் சொல்லைச் சேர்த்து, ஆளின் மேல் நிற்கிறது.

மாயாவி என்பது தமிழ் வாசகர்க்குப் புதிய சொல்லன்று. இராமாயணத்தில் வாலியைக் குகைக்குள் போருக்கு இழுத்த அசுரனின் பெயர் அது. மந்திரவாதக் கதைகளிலும் நாடோடிக் கதைகளிலும் மறையும் ஆற்றல் கொண்டவனைக் குறிக்க வழங்குவதும் அதுவே. மை தடவி மறைபவர்களையும் குளிகை உண்டு பறப்பவர்களையும் கேட்டு வளர்ந்த செவிக்கு, மின்கம்பியைத் தொட்டு மறைபவன் அந்நியன் அல்லன். ஊர்தோறும் மின்னிணைப்பு பரவிவந்த காலத்தில், மந்திரத்தின் இடத்தில் மின்சாரத்தை வைத்த கதை அது. அஞ்சும்படி எச்சரிக்கப்பட்ட ஒன்றைத் தொட்டு ஆற்றல் பெறுபவனைச் சிறுவர்கள் நாயகனாகக் கொண்டதில் வியப்பில்லை. மூலத்தில் தொடக்கத்தில் குற்றவாளியாக வரும் கிராண்டல், பின்னரே உளவு அமைப்பு ஒன்றின் ஆளாகிறான். அசுரப் பெயரைத் தாங்கியும் நன்மை செய்பவனாக நிற்கும் மாயாவி என்னும் பெயர், அந்த இருமையைத் தற்செயலாகவேனும் தன்னுள் கொண்டுள்ளது.

இப்பெயரிடுதல் தனித்த நிகழ்வன்று. லீ ஃபாக் 1936இல் படைத்த முகமூடி வீரன் தமிழில் ‘வேதாளர்’ ஆனான். ராணி காமிக்ஸில் அவனும் ‘மாயாவி’ என்றே அழைக்கப்பட்டான். வேறுவேறு பதிப்பகங்கள், வேறுவேறு நாயகர்கள். எனினும் பெயர் தேடிச் சென்ற இடம் ஒன்றே. அது விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் வழங்கிவந்த சொற்களஞ்சியம்.

இவற்றுள் மிக நுட்பமானது ‘ஆர்’ விகுதியின் பயன்பாடு. ஜியான் லூயிஜி பொனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் 1948இல் இத்தாலியில் படைத்த டெக்ஸ் வில்லர், நவஹோ பழங்குடியினரிடையே ‘இரவுக் கழுகு’ என்னும் பெயருடைய தலைவன். லயன் இதழ் அப்பெயரை ‘இரவுக் கழுகார்’ என்று ஆக்கியது. அவன் தோழன் கிட் கார்சன் ‘வெள்ளிமுடியார்’ ஆனான். புலவர்க்கும் அடியார்க்கும் ஊர்ப்பெரியவர்க்கும் உரிய ‘ஆர்’ இங்கே மேற்கமெரிக்கக் குதிரைவீரர்க்குச் சூட்டப்படுகிறது. அதில் மதிப்பு இருக்கிறது. மெல்லிய கேலியும் இருக்கிறது. இத்தாலிய மூலத்தில் இல்லாத இவ்விரட்டைத் தொனியே தமிழ் டெக்ஸின் தனித்தன்மை எனலாம்.

தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூல் வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. வழிநூல் என்பது முதல்நூலைச் சார்ந்தது; எனினும் நூல் என்னும் தகுதியை இழந்ததன்று. அப்பார்வையில் இவ்விதழ்களை அணுகினால், ‘மொழிபெயர்ப்பு, ஆகவே தமிழ்ச் சிறுவர் இலக்கியமன்று’ என்னும் முடிவு நிற்காது. படம் பிளாஸ்கோவினுடையது, கதை பிரிட்டனுடையது, ஆயினும் வாசகர் நினைவில் நிற்பவன் கிராண்டல் அல்லன், மாயாவியே. அக்காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்கள் படைப்பாளர் பெயரை வெளியிடாத வழக்கம் உடையவை. அந்தப் பெயரின்மையும் இக்கதைகள் தமிழ்க் கதைகளாகவே வேர்கொள்ளத் துணைபுரிந்தது. அதே வேளையில், தமிழாக்கியோர் பலரின் பெயரும் அதே பெயரின்மைக்குள் மறைந்துபோனதை ஆய்வாளர் மறக்கலாகாது.

3. விளிமுறையில் நிகழ்ந்த மாற்றம்

தமிழ்ச் சிறுவர் இதழியலில் ஆசிரியர் பெரும்பாலும் உறவுமுறைப் பெயரில் பேசுபவர். 1947 ஜூலையில் சக்ரபாணியும் பி. நாகிரெட்டியும் தொடங்கிய இதழின் தமிழ்ப்பெயரே ‘அம்புலிமாமா’. வி. கிருஷ்ணமூர்த்தி சிறுவர்க்கு எழுதியபோது ‘வாண்டுமாமா’ ஆனார். சென்னை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியை நடத்தியவர் ‘வானொலி அண்ணா’. மாமா, அண்ணா என்னும் இவ்விளிகள் அன்பையும் அதிகாரத்தையும் ஒருங்கே உடையன. மாமா கதை சொல்வார், மருமகன் கேட்பான். கதையின் முடிவில் ஓர் அறம் இருக்கும். மருமகன் வளர்ந்ததும் மாமாவின் மடியை விட்டு இறங்குவான். அவ்விடத்தில் அடுத்த குழந்தை அமரும்.

இவ்வமைப்பில் இதழ் மாறவேண்டியதில்லை. அம்புலிமாமாவில் விக்கிரமன் முருங்கை மரத்தின்மேல் மீண்டும் மீண்டும் ஏறினான். வேதாளம் மீண்டும் மீண்டும் அவனை மௌனம் கலைக்க வைத்தது. கதையின் தொடக்கமும் முடிவும் சடங்குபோல ஒரே வகையில் அமைந்தன. அந்த மாறாமையே அதன் ஈர்ப்பு. ஒவ்வொரு பருவத்துச் சிறுவர்க்கும் அது முதல்முறையாகக் கேட்கும் கதை. ஓவியர் சங்கர் தீட்டிய, தோளில் சடலத்தைச் சுமந்த விக்கிரமனின் உருவம் பல பருவத்துச் சிறுவர்க்கும் பொதுவான நினைவாயிற்று. முன்னுரையில் கூறிய இருவகையுள் இது முதல்வகை.

லயன் காமிக்ஸின் விளிமுறை இதிலிருந்து வேறுபடுகிறது. தொடங்கும்போது ஆசிரியர்க்கும் வாசகர்க்கும் வயது வேறுபாடு மிகச் சிறியது; ஆகவே அவர் மாமாவாக நின்று பேச இயலாதவர். இதழின் ‘ஹாட்லைன்’ பகுதி அறிவுரைப் பகுதியாக இல்லை. அடுத்து எக்கதை வரும், ஏன் தாமதமாயிற்று, எந்தத் தொடரை வாங்க முடியவில்லை என்பன போன்ற தொழிற்செய்திகளைப் பகிரும் இடமாக அது அமைந்தது. பின்னாளில் அவர் எழுத்தில் நிலைபெற்ற விளி ‘நண்பர்களே’ என்பது. ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்னும் தலைப்பில் அவர் எழுதிய நினைவுத்தொடர், இதழ் நடத்துவதன் தடுமாற்றங்களையே கதையாக்கியது. கதையை மட்டும் வாசித்துவந்த சிறுவன், கதை தன்னிடம் வந்துசேரும் வழியையும் வாசிக்கத் தொடங்கினான்.

இதன் விளைவு ஆழமானது. மாமாவின் மடியை விட்டு வளர்ந்தவன் இறங்கித்தான் ஆகவேண்டும்; நண்பனை விட்டு நீங்கவேண்டிய வயது என்று ஒன்றில்லை. சிறுவர் இதழ் ஒன்றை நாற்பது வயதிலும் வாசிப்பதில் உள்ள கூச்சத்தை இவ்விளி நீக்குகிறது. கடிதங்கள் வழியே மறுபதிப்பைக் கோருவதும் மொழிபெயர்ப்பைக் குறைகூறுவதும் அட்டைப்படத்தைப் பழிப்பதும் வாசகரின் உரிமைகள் ஆயின. வாசகர் இதழின் நுகர்வோராக மட்டும் நில்லாமல், அதன் நிலைபேற்றுக்குப் பொறுப்பேற்பவராகவும் ஆனார். 2000ஆம் ஆண்டுகளில் இதழ்கள் ஒழுங்கின்றியும் நீண்ட இடைவெளிகளுடனும் வந்தபோதும், 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வந்தபோது அதை வாங்க வாசகர் இருந்தமைக்கு இப்பொறுப்புணர்வே காரணம் எனக் கருத இடமுண்டு.

4. வாசகரோடு மூத்த கதைகள்

நட்பு மட்டும் ஓர் இதழை வாழ்விக்காது. வாசிப்பதற்குக் கதையும் வேண்டும். லயனின் முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பீட்டர் ஓ’டோனலும் ஜிம் ஹோல்டவேயும் 1963இல் லண்டன் நாளிதழுக்காகப் படைத்த மாடஸ்டி பிளைஸி, வளர்ந்தோர்க்கான படைப்பு. சிறுவர்க்கென்று தொடங்கிய இதழ், சிறுவர்க்கென்று எழுதப்படாத கதையோடு, அதுவும் ஒரு பெண்ணை நாயகியாகக் கொண்ட கதையோடு தொடங்கியது. எனவே பின்னாளில் இவ்விதழ் ‘சிறுவர் தளத்திலிருந்து விலகியது’ என்று கூறுவது முழுதும் பொருந்தாது. விலகலுக்கான விதை முதலிதழிலேயே இருந்தது.

ஸ்பைடர், ஆர்ச்சி ஆகியோரின் கதைகளில் ஆற்றலே மையம். வெற்றி உறுதி, எப்படி என்பதே வினா. டெக்ஸ் வில்லரிலும் வெற்றி உறுதியே. ஆனால் அங்கே நீதியின் சார்பு பற்றிய கேள்வி எழுகிறது. வெள்ளையனாகப் பிறந்து நவஹோக்களின் தலைவனான ஒருவன், வெள்ளை ஒப்பந்தக்காரர்களையும் படைத்தலைவர்களையும் எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறது. சார்லியேயும் ஜிரோவும் 1963இல் படைத்த புளூபெர்ரி, தமிழில் ‘கேப்டன் டைகர்’ ஆனான். அவனிடம் நாயகனின் தூய்மையும் கரைகிறது: மழிக்காத முகம், சூதாட்டம், மேலதிகாரியிடம் பணியாமை. ‘தங்கக் கல்லறை’யில் பொன்வேட்டை மனிதர்களைத் தின்கிறது. யாரும் முழு வெற்றி பெறுவதில்லை.

இவ்வளர்ச்சியின் உச்சம் ‘இரத்தப் படலம்’. வான் ஹாம், வான்ஸ் ஆகியோரின் படைப்பான இத்தொடர் மூலமொழியில் தொடங்கிய ஆண்டும் 1984. நினைவிழந்து கரையொதுங்கும் ஒருவன். அவன் உடலில் பச்சை குத்தப்பட்ட பதின்மூன்று என்னும் ரோமானிய எண். அவனுக்குப் பல பெயர்கள், பல கடந்தகாலங்கள். எது தன்னுடையது என அவனும் அறியான், வாசகரும் அறியார். ஸ்பைடரை வாசித்த சிறுவனுக்கு நாயகன் யார் என்பதில் ஐயமில்லை. இரத்தப் படலம் அந்த ஐயத்தின் மேலேயே கட்டப்பட்டது. தமிழில் பாகம் பாகமாகப் பல ஆண்டுகள் வந்த இத்தொடர், 2010இல் கறுப்பு வெள்ளையில் ஒரே பெருந்தொகுப்பாகவும், 2018இல் வண்ணத்திலும் வெளிவந்தது. பதின்ம வயதில் பாக்கெட் அளவில் முதற்பாகத்தை வாசித்தவர் நடுவயதில் முழுத்தொகுப்பைக் கையில் ஏந்தினார்.

மறுபதிப்பு என்பது இங்கே பழையதன் நகல் ஆகாது. ஐரோப்பியத் தொகுதிகளின் பெரும்பக்கங்கள் முன்பு சிறிய அளவில் சுருக்கப்பட்டு, வண்ணம் நீக்கப்பட்டு வந்தன. சிறுவன் அவற்றில் கதையைத்தான் பின்தொடர முடிந்தது. பெரிய அளவில், வண்ணத்தில் வாசிக்கும்போது ஜிரோவின் பாலைவனமும் வான்ஸின் பனிவெளியும் முதன்முறையாகக் கண்ணில் படுகின்றன. இரு கட்டங்களுக்கு இடையிலான வெற்றிடத்தை வாசகரே நிரப்புகிறார் என்பது ஸ்காட் மெக்ளவுட் 1993இல் முன்வைத்த கருத்து. அவ்வெற்றிடத்தைச் சிறுவன் வேகத்தால் நிரப்பினான். வளர்ந்தவர் அனுபவத்தால் நிரப்புகிறார். ஒரே கதை இருமுறை வாசிக்கப்படும்போது இரண்டாவது வாசிப்பு முதலாவதன் நிழலாக அமையாமல், அதற்கு எதிர்வினையாகவும் அமைகிறது.

5. நினைவேக்கம் என்னும் விளக்கம் போதுமா?

இத்தகைய ஈர்ப்பை நினைவேக்கம் என்னும் ஒரே சொல்லால் விளக்கிவிடுவது எளிது. ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில் நினைவேக்கத்தை இரண்டாகப் பகுத்தார்: இழந்ததை அப்படியே மீட்டமைக்க விழைவது, இழப்பை உணர்ந்து அதைப் பற்றிச் சிந்திப்பது. இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பைப் பழைய அட்டைப்படத்தோடும் பழைய அளவிலும் கேட்கும் வாசகரிடம் முதல்வகையைக் காணலாம். அதே வாசகர் அதனை வாசித்து முடித்து, ‘இதற்காகவா அன்று அவ்வளவு ஏங்கினேன்’ என்று புன்னகைக்கும்போது இரண்டாம்வகை தொடங்குகிறது.

எனினும் இவ்விரண்டும் சேர்ந்தும் விளக்கம் முழுமையாகவில்லை. நினைவேக்கமே எல்லாம் எனில் மறுபதிப்புகளே போதுமானவை. ஆனால் இதழ்கள் பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலியப் புதுத்தொடர்களைத் தொடர்ந்து அறிமுகப்படுத்தி வந்துள்ளன. தம் குழந்தைப் பருவத்தில் இல்லாத நாயகர்களையும் வாசகர்கள் ஏற்றுள்ளனர். இழந்த காலத்தின் மீதான ஏக்கம் வாசகரை வாயில்வரை அழைத்துவருகிறது. உள்ளே அமரவைப்பது அவர் வயதுக்கேற்ற புதிய கதை. நினைவேக்கத்தை மட்டும் சுட்டும் விளக்கம், இவ்வாசகரை வளராத சிறுவராக்கிவிடுகிறது. உண்மையில் அவர் தம் வாசிப்பையும் வளர்த்துக்கொண்டவர்.

6. அடுத்த வாசகர் எங்கே?

இனி, இவ்வெற்றியின் மறுபக்கத்தைக் காணவேண்டும். வாசகரோடு மூக்கும் இதழ், பின்னால் வருபவர்க்காக நின்று காத்திருப்பதில்லை. பல பாகங்கள் தொடரும் சிக்கலான கதை, கனத்த தொகுப்பு, முன்பதிவு, அதற்கேற்ற விலை ஆகியவை சம்பாதிக்கும் வயதினர்க்கு உகந்தவை. பள்ளிச்சிறுவன் தன் கைக்காசைக் கொடுத்துப் பேருந்து நிலையக் கடையில் வாங்கும் இதழாக அது இனி இல்லை. ‘நண்பர்களே’ என்னும் விளியில் முப்பது நாற்பது ஆண்டு நட்பு அடங்கியுள்ளது. பழைய இதழ்களைப் பற்றிய குறிப்புகளும் வாசகர்களுக்குள் வழங்கும் பட்டப்பெயர்களும் நிறைந்த அவ்வுரையாடலில், பத்து வயதுப் புதியவர் இடையில் வந்த விருந்தினராக உணர்வார். அவ்விளி பெரும்பாலும் ஆண்களையே கருதி எழுந்தது என்பதும் குறிக்கத்தக்கது. மாடஸ்டியை முகப்பில் நிறுத்தித் தொடங்கிய இதழ், பெண் வாசகரை அதே அளவில் தன் நட்புவட்டத்துள் கொண்டுவரவில்லை.

தந்தை மகனுக்கு மாயாவியைத் தருவதும் இதனால் சிக்கலாகிறது. தந்தை தருவது கதையை மட்டுமன்று. காத்திருந்து, கடன் வாங்கி, ஒளித்து வாசித்த தம் பருவத்தையும் சேர்த்துத் தருகிறார். மகனிடம் அக்காத்திருப்பு இல்லை. கதை மட்டுமே இருக்கிறது. அவனுக்கு மின்சாரம் மாயமன்று; அது நின்றால்தான் செய்தி. தமிழ்வழிக் கல்வி சுருங்கிய நகர்ப்புறச் சூழலில், பேச்சுக்குமிழியின் எழுத்துத்தமிழைத் தடையின்றி வாசிப்பதும் எல்லாச் சிறுவர்க்கும் எளிதன்று.

இது தவிர்க்க முடியாத விதியா எனின், அன்று. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து 1938 முதல் வரும் ‘பீனோ’ வார இதழில் 1951இல் அறிமுகமான டென்னிஸ் இன்றும் பத்து வயதுக் குறும்பனாகவே இருக்கிறான். வாசகர் வளர்ந்து நீங்குவர் என்பதை ஏற்று, புதிதாக வரும் சிறுவரை நோக்கியே அவ்விதழ் இயங்குகிறது. அது அம்புலிமாமாவின் வழி. ஆனால் அவ்வழியும் காப்புறுதி தருவதன்று என்பதற்கு, 2010களின் தொடக்கத்தில் நின்றுபோன அம்புலிமாமாவே சான்று. மாறாமல் நின்ற இதழ் புதிய சிறுவரை இழந்தது. மாறிக்கொண்டே வந்த இதழ் பழைய சிறுவரைக் காத்தது. இரண்டிலும் இன்றைய தமிழ்ச் சிறுவரின் இடம் வெறுமையாகவே உள்ளது.

லயன் இதழுக்குள்ளேயே இதற்கொரு வழி உண்டு எனத் தோன்றுகிறது. மோரிஸ் 1946இல் படைத்து, 1955 முதல் கோசினி எழுதிய லக்கி லூக், தமிழில் பேச்சுத்தமிழின் நகைச்சுவையோடு வந்தவன். தன் நிழலைவிட வேகமாகச் சுடும் வீரனையும் உயர வரிசையில் நிற்கும் நான்கு டால்டன் சகோதரர்களையும் கண்டு சிறுவர் சிரிப்பர். மேற்கமெரிக்கத் திரைப்படங்களின் வீரக்கற்பிதத்தை அது கேலிசெய்வதைக் கண்டு வளர்ந்தோர் சிரிப்பர். ஒரே பக்கத்தில் இரு வயதினர்க்கு இடமுண்டு. ஒருவர் வாசித்து முடித்தபின் மற்றவர்க்குத் தரும் பழம்பொருளாக இல்லாமல், ஒருங்கே அமர்ந்து வாசிக்கத்தக்க பிரதியாக அது நிற்கிறது. தலைமுறைகளைக் கடந்த ஈர்ப்பு என்னும் தொடர் முழுப்பொருள் பெறுவது இத்தகைய பிரதிகளிலேயே.

முடிவுரை

முத்து, லயன் இதழ்களின் நீடித்த ஈர்ப்புக்கு மூன்று கூறுகள் அடிப்படையாயின. அயல்நாட்டு நாயகர்களைத் தமிழ்க் கதைமரபின் பெயர்களால் தனதாக்கிக்கொண்டது ஒன்று. உறவுமுறை அதிகாரத்தை விடுத்து நட்பின் விளியால் வாசகரை அழைத்தது இரண்டாவது. வாசகரின் வயதுக்கேற்பக் கதைத் தேர்வை மாற்றிவந்தது மூன்றாவது. இவற்றுள் முதற்கூறு எந்தத் தலைமுறைக்கும் பயன்படத்தக்கது. பின்னிரண்டும் ஒரு தலைமுறையை இறுகப் பற்றியமையால் அடுத்த தலைமுறையிடம் கைநெகிழ்ந்தன. ஆகவே இவ்விதழ்களை ‘தலைமுறை கடந்தவை’ என்பதைவிட ‘ஒரு தலைமுறையைக் கைவிடாதவை’ என்பதே பொருத்தம். அது சிறிய சாதனையன்று. சிறுவரை வாசகராக்கிய இதழ்கள் பல உண்டு; அவ்வாசகரை வாழ்நாள் முழுதும் வாசகராகவே வைத்திருந்தவை மிகச் சில.

தமிழாய்வுக்கு இதில் உடனடிக் கடமை ஒன்றுண்டு. முத்து காமிக்ஸின் முதல் வாசகர்கள் இன்று முதுமையை எட்டியுள்ளனர். அவர்களின் அலமாரிகளில் உள்ள இதழ்களும், ஆசிரியர்க்கு எழுதிய கடிதங்களும், பெயரறியப்படாத தமிழாக்கியோர் பற்றிய வாய்மொழிச் செய்திகளும் முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். அப்பதிவு இல்லையேல், ஐம்பதாண்டுத் தமிழ் வாசிப்பு வரலாற்றின் ஒரு பெரும்பகுதி அவ்வாசகர்களோடு முடிந்துவிடும்.